பொன் தேடிச் சென்ற ஜாக் லண்டன்

பொருள் தேடி வீட்டைப் பிரிந்து செல்லுதல் உலகெங்கும் என்றும் நிகழ்வது. அதனைப் பொருள்வயிற் பிரிவு எனப் பெயரிட்டுத் தனித் துறையாகவே வகுத்துப் பாடிய இலக்கியம் நம்முடையது. பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்க்கை நடத்தும் தமிழர்களாகிய நமக்கு அச்சொல்லின் பொருளை அகராதியில் தேடவேண்டிய அவசியம் இல்லை.

அமெரிக்க நாட்டில், இப்பொருளையே தம் வாழ்நாள் முழுதும் எழுதிய நாவலாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜாக் லண்டன். சாகசக் கதைகள் எழுதியவர் என்றே உலகம் அவரை அறியும். அவர் பெயரைச் சொன்னவுடன் பனிவெளியும், ஓநாய்க் கூட்டமும், புயலில் சிக்கிய கப்பலும் நினைவுக்கு வரும். ஆயினும், அக்கதைகளைச் சற்று ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்றும் புலப்படும். அவர் படைத்த மாந்தரிற் பெரும்பாலோர் வேடிக்கைக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டவர் அல்லர், பிழைப்புக்காகப் புறப்பட்டவர்கள். அந்நிய மண்ணில் அவர்களைக் காப்பது தோள்வலியா, உடனிருக்கும் துணையா என்பதே அக்கதைகளின் உள்ளே ஒலிக்கும் கேள்வி. அக்கேள்வி அவருக்கு எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய அவருடைய வாழ்க்கையைப் பார்க்கவேண்டும்.

ஜாக் லண்டன் 1876-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை எனக் கருதப்பட்டவர் ஊர் ஊராகச் சென்ற ஒரு சோதிடர்; அவரோ குழந்தை தம்முடையதன்று என்று கூறிவிட்டார். தாய் பின்னர் ஜான் லண்டன் என்ற முன்னாள் போர்வீரரை மணந்தார்; லண்டன் என்ற பெயர் அவ்வழி வந்ததேயன்றி அந்நகரத்தினின்று வந்ததன்று. குழந்தைக்குப் பாலூட்டி வளர்த்தவர் வர்ஜீனியா பிரெண்டிஸ் என்னும் நீக்ரோப் பெண்மணி. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற அவ்வம்மையார் இறுதிவரை ஜாக்குக்கு இரண்டாம் தாயாக விளங்கினார்.

குடும்பம் வறுமையில் உழன்றது. ஓக்லண்டு நகரின் பொது நூல்நிலையமே சிறுவனுக்குப் புகலிடமாயிற்று. அங்கே பணியாற்றிய ஐனா கூல்பிரித் என்ற கவிஞர் அவனுடைய படிப்பார்வத்தைக் கண்டு நல்ல நூல்களைத் தேர்ந்து கொடுத்தார். ஆனால் படித்துக்கொண்டே இருக்க வறுமை இடந்தரவில்லை. உணவுப் பொருள்களை டப்பாக்களில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில், மணிக்குப் பத்து சென்ட் கூலிக்கு, நாள்தோறும் பத்து மணி நேரத்திற்கும் மேலாக உழைக்கலானான். அந்த நுகத்தினின்று தப்ப வர்ஜீனியா அம்மையாரிடம் 300 டாலர் கடன் வாங்கிச் சிறு பாய்க்கப்பல் ஒன்றை வாங்கி, இரவில் பிறருடைய சிப்பிப் பண்ணைகளில் புகுந்து களவாடும் கூட்டத்தில் சேர்ந்தான். பின்பு அதே களவைத் தடுக்கும் காவற்படையிலும் பணிபுரிந்தான்!

1893-ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில், கடல்நாய் வேட்டைக்குச் செல்லும் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து ஜப்பான் கரைவரை சென்று வந்தார். திரும்பியபோது அமெரிக்காவில் கடுமையான பொருளாதார நெருக்கடி. கிடைத்த வேலை சணல் ஆலையில். கூலி மீண்டும் மணிக்குப் பத்து சென்ட். ஹூக்ளி நதிக்கரையில் வாழும் நம்மவர்க்குச் சணல் ஆலையின் தூசும் இரைச்சலும் எத்தகையவை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்நாளில், தாம் கடலிற் கண்ட புயலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிச் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றின் போட்டிக்கு அனுப்பினார். முதற்பரிசாக 25 டாலர் கிடைத்தது. ஆலையில் 250 மணி நேரம் நின்றால் வரும் கூலி அது!

அடுத்து மின்சார நிலையம் ஒன்றில் கரி அள்ளும் வேலை. மாதம் 30 டாலர் சம்பளம். உழைத்து முன்னேறலாம் என்று நம்பி உடல் ஓய அள்ளினார். தாம் ஒருவராகச் செய்துவரும் வேலையை அதற்கு முன் இருவர் செய்துவந்தனர் என்பதும், அவர்களுக்குத் தலைக்கு 40 டாலர் கொடுக்கப்பட்டது என்பதும் பின்னரே அவருக்குத் தெரியவந்தன. மாதம் 80 டாலர் ஆன வேலையை நிலையத்தார் 30 டாலருக்கு முடித்துக்கொண்டார்கள். வேலையிழந்த இருவரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். ஒருவனுடைய வலிமையே மற்றொருவனுடைய வாழ்வைப் பறிக்கும் கருவியாக முடியும் என்பதை அவர் இங்கே கண்டார். பிற்காலத்தில் அவர் பொதுவுடைமைக் கொள்கையைத் தழுவியதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம்.

1894-இல், வேலையற்றோர் கூட்டங்கூட்டமாகத் தலைநகர் வாஷிங்டனை நோக்கிச் சென்றபோது ஜாக்கும் அதில் கலந்துகொண்டார். பின் அதினின்று பிரிந்து ரயில்களில் திருட்டுத்தனமாகத் தொற்றி நாடெங்கும் அலைந்தார். நயாகரா அருவியைக் காணச் சென்றவர், வேலையின்றித் திரிந்த குற்றத்திற்காகக் கைதாகி முப்பது நாள் சிறையிருந்தார். நியாயம் கேட்க வாய்ப்பே அளிக்கப்படவில்லை என்று பின்னர் எழுதினார். உடலுழைப்பை மட்டும் விற்றுப் பிழைப்பவன் உடல் தளர்ந்ததும் குழியில் விழுவான் என்ற அச்சம் சிறையில் அவரைப் பற்றியது. ஊர் திரும்பி உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் நுழைந்தார். பணமின்மையால் சில மாதங்களில் வெளியேற நேர்ந்தது.

இந்நிலையில்தான், கனடா நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள க்ளாண்டைக் ஆற்றுப் பகுதியில் 1896 ஆகஸ்டில் பொன் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1897-இல் அமெரிக்கத் துறைமுகங்களை எட்டியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புறப்பட்டனர் என்றும், முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேரே அவ்விடத்தை அடைந்தனர் என்றும், அவர்களிற் பொன் கண்டவர் நாலாயிரம் பேர் அளவே என்றும் மதிப்பிடுகிறார்கள். 1897 ஜூலையில் புறப்பட்டவர்களில் இருபத்தொரு வயது ஜாக்கும் ஒருவர். வழிச்செலவுக்குப் பணம் தந்தவர் அவருடைய தமக்கை எலைசா; உடன் சென்றவர் எலைசாவின் முதிய கணவர்.

அப்பயணத்தின் கடுமையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். அங்கே கடைத்தெரு இல்லை. ஆகவே ஓராண்டுக்கான உணவையும், கூடாரத்தையும், கருவிகளையும் உடன் கொண்டுசெல்லவேண்டும். சுமையின் மொத்த எடை ஏறத்தாழ 2,000 ராத்தல். சில்கூட் கணவாய் வழியாக வண்டி போகாது. முதுகில் சுமந்தே ஏறவேண்டும். ஒருவன் ஒருமுறைக்கு நூறு ராத்தல் சுமந்தால், முழுச்சுமையையும் ஒரு மைல் நகர்த்த இருபது முறை சுமையோடு போகவேண்டும். பத்தொன்பது முறை வெறுங்கையோடு திரும்பவேண்டும். அதாவது, ஒரு மைல் முன்னேற 39 மைல் நடை! தமக்கையின் கணவர் தம்மால் இயலாதெனக் கண்டு பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். ஜாக் கணவாயைக் கடந்து, ஏரிகளையும் யூக்கான் ஆற்றின் சுழல்களையும் படகிற் கடந்து சென்றார். ஸ்டூவர்ட் ஆறு கலக்குமிடத்திற்கு அருகே ஒரு மரக்குடிசையில் அந்த நீண்ட குளிர்காலத்தைக் கழித்தார்.

பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாமையால் ஸ்கர்வி என்னும் நோய் அவரைத் தாக்கியது. ஈறுகள் வீங்கின, பற்கள் ஆடின. 1898-இல் யூக்கான் ஆற்றின் வழியே ஏறத்தாழ 1,500 மைல் படகிற் சென்று, கடற்கரையை அடைந்து, வீடு திரும்பினார். அவர் கொண்டுவந்த பொன்தூளின் மதிப்பு நாலரை டாலர்! வளர்ப்புத் தந்தை அவர் இல்லாத காலத்தில் இறந்துவிட்டிருந்தார். குடும்பப் பாரம் இளைஞரின் தலைமேல் விழுந்தது.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கணப்பருகே அமர்ந்து, பலதேசத்து மனிதர்கள் தம் கதைகளைச் சொல்லக் கேட்டிருந்தார். அவற்றை எழுதலானார். எழுதியவை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. பிழைப்புக்காக அஞ்சல் துறைத் தேர்வு எழுதித் தேர்ச்சியும் பெற்றார். வேலைக்கு அழைப்பு வந்தபோது, நிலையான ஊதியமா, நிச்சயமற்ற எழுத்தா என்று திகைத்து, எழுத்தையே தேர்ந்தார். 1899 ஜனவரியில் அவருடைய முதல் வடநாட்டுக் கதை வெளிவந்தது. சன்மானம் ஐந்து டாலர். நாள்தோறும் ஆயிரம் சொற்கள் எழுதுவது என்ற விரதத்தைப் பின்னர் வாழ்நாள் முழுதும் காத்தார். நாற்பதாண்டு வாழ்வில் ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்கள் அவ்விரதத்தின் பயன்.

1903-இல் வெளிவந்த ‘கானகத்தின் குரல்’ அவரை உலகறியச் செய்தது. பெ. தூரன் அவர்கள் இந்நூலை இப்பெயரில் தமிழாக்கித் தந்துள்ளார். நம்மிற் பலர் ஜாக் லண்டனை முதலில் அறிந்தது அம்மொழிபெயர்ப்பின் வழியேதான். கதைத் தலைவன் பக் என்னும் நாய். வெயில் நிறைந்த கலிபோர்னியாவில், ஒரு நீதிபதியின் வீட்டில் செல்லமாக வாழ்ந்த அதனை, சூதாட்டத்திற் பணம் இழந்த வேலைக்காரன் திருடி விற்றுவிடுகிறான். தடியால் அடித்துப் பணியவைத்து, வடக்கே கொண்டுபோய்ச் சறுக்குவண்டியில் பூட்டுகிறார்கள். பொன் வேட்டைக்கு வண்டியிழுக்க நாய்கள் வேண்டியிருந்தன. அந்தத் தேவைதான் பக்கின் விதியாயிற்று. வீட்டினின்று பறிக்கப்பட்ட ஓர் உயிர், தன் முதற் பனியைக் கண்டு திகைப்பதும், பனிக்குள் குழி பறித்து உறங்கக் கற்பதும், கைமாறிக் கைமாறி உழைப்பதும் இக்கதை. ஜான் தார்ன்டன் என்ற மனிதன் காட்டும் அன்பு மட்டுமே அதனை மனிதரோடு பிணிக்கிறது. அவன் கொல்லப்பட்டதும் பக் காட்டோடு கலந்துவிடுகிறது. நாயின் கதை என்று தொடங்குவோர், கூலிக்காக ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லப்படும் மக்களின் கதையாக இதனைப் படித்து முடித்தால் வியப்பில்லை. இந்நூலின் முழு உரிமையையும் பதிப்பகத்தார்க்கு 2,000 டாலருக்கு அவர் விற்றுவிட்டார். நூல் லட்சக்கணக்கில் விற்றபோது அந்த லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. 1906-இல் வந்த ‘வெண்பல்’ என்னும் நாவலில் இதற்கு எதிர்ப்பயணத்தை எழுதினார். அங்கே காட்டில் பிறந்த ஓநாய்க் கலப்புக் குட்டி ஒன்று, அன்பினால் வீட்டை அடைகிறது.

‘கானகத்தின் குரல்’ வந்த 1903-இலேயே அவருடைய வேறொரு நூலும் வெளிவந்தது. 1902-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் லண்டன் நகரின் கிழக்குப் பகுதிக்குச் சென்று, பழைய உடைகளை வாங்கி உடுத்து, ஏழைகளோடு ஏழையாகச் சில வாரங்கள் வாழ்ந்தார். அனாதை விடுதிகளில் வரிசையில் நின்று உண்டார்; அங்கேயே உறங்கினார்; புகைப்படங்களும் எடுத்தார். உலகின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசின் தலைநகரில் மக்கள் பட்டினியால் வாடியதை அந்நூல் காட்டியது. அதே 1903-ஆம் ஆண்டில், பீகாரிலுள்ள மோதிஹாரியில் ஓர் ஆங்கிலக் குழந்தை பிறந்தது. ஜார்ஜ் ஆர்வெல் என்று பின்னர் புகழ்பெற்ற அவர், இந்நூலால் தூண்டப்பட்டுத் தாமும் கந்தலுடுத்து ஏழைகளிடையே வாழ்ந்து, 1933-இல் தம் முதல் நூலை வெளியிட்டார். கொடுங்கோன்மை அமெரிக்காவைக் கைப்பற்றுவதாக ஜாக் லண்டன் 1908-இல் எழுதிய ‘இரும்புக் குதிகால்’ என்னும் நாவலையும் ஆர்வெல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இவ்வளவு சொல்லிய பின் ஒரு பெருங்குறையை மறைப்பது நேர்மையாகாது. தொழிலாளர் அனைவரும் ஒரு குலம் என்று பேசிய இவரே, வெள்ளை இனம் உயர்ந்தது என்ற எண்ணத்தையும் கொண்டிருந்தார். ஆசிய மக்களால் மேல்நாட்டார்க்கு ஆபத்து என்று 1904-இல் கட்டுரை எழுதினார். 1910-இல் வெளியான ஒரு கதையில், மேல்நாட்டார் நோய்க்கிருமிகளை வீசிச் சீன மக்களை அழிப்பதாகக் கற்பனை செய்தார். நீக்ரோப் பெண்மணியின் மடியில் வளர்ந்தவர் இப்படி எழுதினார் என்பது வருத்தத்திற்குரியது. துணையின் அருமையை அறிந்தவர், யார் யார் துணையாகலாம் என்பதில் எல்லைக்கோடு இட்டுவிட்டார்.

எனினும், மனிதர்களை நேரிற் கண்டு எழுதியபோது அந்தக் கோட்டை அவரே தாண்டியிருக்கிறார். 1907 முதல் 1909 வரை தம் மனைவி சார்மியனோடு சொந்தக் கப்பலில் தென்கடல் தீவுகளுக்குச் சென்றார். அப்பயணத்தின் பயனாக 1909-இல் வெளிவந்த ‘சீனாகோ’ என்ற சிறுகதை டஹிட்டித் தீவின் பருத்தித் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்த ஆ சோ என்ற சீனரைப் பற்றியது. ஒரு கொலை வழக்கில், குற்றமற்ற பலரோடு அவரும் தண்டிக்கப்படுகிறார். நீதிமன்றம் நடப்பது பிரெஞ்சு மொழியில். அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆ சௌ என்பவருக்கு மரணம். ஆ சோவுக்கு இருபதாண்டுச் சிறை. ஆணை எழுதுகையில் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டுப்போகிறது. கொலைக்களத்திற்கு ஆ சோவைக் கொண்டுபோகிறார்கள். ஆள் தவறு என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் தண்டனையைக் காணும்படி தொழிலாளர் அனைவரும் வேலையை நிறுத்திக் கூட்டப்பட்டிருக்கிறார்கள். சரியான ஆளைக் கொண்டுவரத் தாமதித்தால் தோட்டத்திற்கு நஷ்டம். ஆகவே, கையிற் கிடைத்த ஆளின் தலையை வெட்டி முடிக்கிறார்கள். பிஜித் தீவுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற நம்மவர் வரலாற்றை அறிந்தோர் இக்கதையை எளிதில் மறக்க இயலாது. அவருடைய கொள்கைகளைக் காட்டிலும் அவருடைய கண்கள் நேர்மையானவை என்பதற்கு இக்கதை சான்று.

துணை பற்றிய கேள்விக்கு அவர் அளித்த மிகத் தெளிவான விடை ‘நெருப்பு மூட்டல்’ என்னும் கதையில் உள்ளது. அதனை அவர் இருமுறை எழுதினார். 1902-இல் சிறுவர்க்காக எழுதியதில், உறைபனியில் தனியே சென்ற இளைஞன் அரும்பாடுபட்டு நெருப்பு மூட்டிப் பிழைத்துக்கொள்கிறான். இனித் தனியே செல்லலாகாது என்ற பாடத்தையும் கற்கிறான். 1908-இல் எழுதியதில் அம்மனிதனுக்குப் பெயரே இல்லை. அக்குளிரில் எவனும் தனியே செல்லக்கூடாதென முதியவர் ஒருவர் எச்சரித்தும் கேளாமல், ஒரு நாயுடன் புறப்படுகிறான். பனியின் அடியில் ஓடும் நீரிற் கால் நனைந்துவிடுகிறது. மரத்தடியில் மூட்டிய நெருப்பைக் கிளைகளினின்று சரிந்த பனி அணைத்துவிடுகிறது. மறுபடி மூட்டக் கைவிரல்கள் மரத்துப்போய் இணங்கவில்லை. உடன் ஒருவன் இருந்திருந்தால் அவன் நெருப்பு மூட்டியிருப்பான் என்று அப்போதுதான் எண்ணுகிறான். பின் பனியிலேயே இறந்துபோகிறான். முதற்கதை அறிவுரை, இரண்டாவது இலக்கியம். இடைப்பட்ட ஆறாண்டுகளில், பாடம் கற்றபின் மறுவாய்ப்பு எல்லார்க்கும் கிடைப்பதில்லை என்பதை ஆசிரியர் உணர்ந்திருக்கவேண்டும்.

இக்கதைகள் சென்ற தொலைவு வியப்புக்குரியது. 1924 ஜனவரியில் லெனின் மரணப் படுக்கையில் இருந்தபோது, பசியால் ஊர்ந்து பனிவெளியைக் கடக்கும் மனிதனைப் பற்றிய ‘வாழ்வாசை’ என்ற கதையை அவர் மனைவி குரூப்ஸ்கயா படித்துக் காட்டினார். லெனினுக்கு அது மிகவும் பிடித்தது. மறுநாள் படித்த வேறொரு கதையைக் கேட்டு அவர் சிரித்துக் கையசைத்து விட்டாராம். ஜாக் லண்டனின் எழுத்து எல்லாம் ஒரே தரத்தன அல்ல என்பதை அந்தப் படுக்கையிலும் அவர் கண்டுகொண்டார் போலும்! 1956 டிசம்பரில் கியூபாவில் குண்டடிபட்டு, இறப்பு நெருங்கிவிட்டதென எண்ணிய சே குவேராவுக்கு, மரத்தில் சாய்ந்து மரணத்தை எதிர்நோக்கும் ஜாக் லண்டன் கதைமாந்தன் நினைவுக்கு வந்ததாக அவரே எழுதியுள்ளார்.

புகழின் உச்சியில் 1909-இல் ஜாக் லண்டன் எழுதிய ‘மார்ட்டின் ஈடன்’ அவருடைய வாழ்வையே பெரிதும் தழுவியது. அந்நாவலில் மாலுமி ஒருவன் தானே கற்று எழுத்தாளனாகிறான். ஆனால் பழைய தோழரிடம் திரும்பவும் இயலாமல், புதிய கூட்டத்தில் ஒட்டவும் இயலாமல் கடலில் மூழ்கி மடிகிறான். ஆசிரியருடைய முடிவு அத்தகையதன்று. க்ளென் எல்லன் என்ற ஊரில் நிலம் வாங்கி, மண்வளம் காக்கும் முறையில் பயிர் செய்தார். அங்கே கட்டிய பெருமாளிகை குடிபுகுமுன்பே 1913 ஆகஸ்டில் எரிந்தது. மதுவும் சிறுநீரக நோயும் உடலை அரித்தன. 1916 நவம்பர் 22-ஆம் நாள், நாற்பதாம் வயதில் மறைந்தார். அந்நிலம் இன்று அவர் பெயரால் அமைந்த அரசுப் பூங்காவாக விளங்குகிறது. எரிந்த மாளிகையின் கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

க்ளாண்டைக் பொன் வந்த வழியே போயிற்று. நாலரை டாலர் பொன்தூளோடு திரும்பிய இளைஞர் கொணர்ந்த கதைகளோ நூறாண்டு கடந்தும் தேயவில்லை. வேற்றூரில் புதிதாய் வந்திறங்கும் ஒருவனுக்கு வழிகாட்டி, ஒருவேளை உணவிட்டு, இருக்க இடம் தேடிக்கொடுப்பவர் நம்மிடையே என்றும் உண்டு. அவர் செய்வது சிறு உதவியாகத் தோன்றலாம். தனியே சென்ற அந்தப் பெயரற்ற மனிதனின் கதையைப் படித்தபின், அதனைச் சிறிது என்று சொல்ல நமக்கு மனம் வராது.